வெந்நீருக்கும் விசாரணை உண்டு



உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வாழும் நம் குடும்பங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கான மின்கட்டணம் வந்து சேரும் நாள் அமைதியான நாளாக இருப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் உதகையில், அம்மாதங்களில் பின்னிரவு வெப்பநிலை சில நாட்களில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. காந்தல், தலைக்குந்தா பக்கத்துப் புல்வெளிகள் காலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கின்றன. வெந்நீரின்றியும் கணப்பின்றியும் அங்கே வாழ இயலாது. அதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் தொகையைக் கண்டவுடன் வீட்டுத் தலைவர் என்ன செய்கிறார்? குளியலறை விளக்கை அணைக்க மறந்த பிள்ளையை அதட்டுகிறார். மிக்சியையும் கிரைண்டரையும் காட்டி மனைவியிடம் குறைப்படுகிறார். மறுநாள் இரவு தம் அறையின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, அதைத் தலைமாட்டில் எரியவிட்டு உறங்கிவிடுகிறார்.

இதை ஊரார் மீது பழியாக எழுதவில்லை. நம் வீட்டில் நடந்ததையே எழுதுகிறோம். சென்ற குளிர்காலத்தில், விளக்கு எரிவதற்காக இளைய மகளை இரண்டு முறை கடிந்துகொண்ட பிறகு, உண்மையில் மின்சாரம் எங்கே போகிறது என்று பார்ப்போம் என எண்ணி, இஷா தொழுகை முடிந்து உறங்கச் செல்லும்முன் ஒரு தடவையும், ஃபஜ்ருக்கு எழுந்தவுடன் ஒரு தடவையும் மீட்டரின் எண்ணைக் குறித்து வந்தோம். முதல் மூன்று இரவுகளிலும், வீட்டார் ஆறு பேரும் உறங்கும் நேரத்தில் ஏழு யூனிட் வரை ஓடியிருந்தது. நான்காம் இரவு கெய்சரை அணைத்துவிட்டுப் படுத்தோம். இரவுக் கணக்கில் ஒன்றரை யூனிட் குறைந்தது. ஆனால் விடியலில் ஆறிய நீரை மீண்டும் சூடாக்க ஒரு யூனிட்டுக்கு மேல் சென்றதால், உண்மையில் மிஞ்சியது அரை யூனிட்டுக்கும் குறைவே. ஐந்தாம் இரவு, நம் அறையில் நாம் ஓதிக்கொண்டே கண்ணயர்ந்துவிடும் வழக்கத்தால் நள்ளிரவு வரை எரியும் அந்த 2,000 வாட் ஹீட்டரை, அரை மணி நேரத்தில் அணைத்தோம். அன்று மட்டும் நான்கு யூனிட் குறைந்தது. மகள் அணைக்க மறந்த 9 வாட் விளக்கு இரவு முழுதும் எரிந்தாலும் அதில் ஒரு யூனிட்டின் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் உண்ணும் மின்சாரத்தில் அந்த விளக்கை 220 மணி நேரம் எரிக்கலாம். குற்றவாளி யார் என்பதை மீட்டர் சொல்லிவிட்டது. மகளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அந்த வெட்கத்திலிருந்தே இக்கட்டுரை பிறக்கிறது. நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: குளிர்காலத்தில் வீட்டின் மின்கணக்கைப் பார்ப்பது பொருளாதாரச் சாமர்த்தியம் மட்டுமன்று, அது மார்க்கக் கடமையோடு சேர்ந்த அமானிதம், அந்தக் கணக்கில் வரும் குறைப்பு, வீட்டில் அதிகம் சுகம் காண்பவரிடமிருந்து தொடங்க வேண்டுமேயன்றி, வாய் திறக்க முடியாதவரிடமிருந்து தொடங்கக் கூடாது. இதற்கு எதிராக நம்மிடையே வழங்கும் சாக்குகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"உளூவுக்காகத்தானே, இது இபாதத் அல்லவா?"

முதல் சாக்கு பக்தியின் உடையில் வருகிறது. வணக்கத்திற்காகச் செலவாகும் நீரிலும் நெருப்பிலும் கணக்கு எதற்கு என்கிறார்கள். இதைச் சொல்பவர்களிடம் நாம் கேட்பது: நபி (ஸல்) அவர்களைவிட உளூவைப் பேணியவர் யார்? அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் முடித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு முத்து என்பது ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஹனஃபி கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். நம் வீட்டுக் குழாயை முழுதாகத் திறந்து, கீழே ஒரு வாளியை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு நிமிடத்தில் ஆறேழு லிட்டர் விழும். மிஸ்வாக் செய்யும்போதும், சட்டைக் கையை மடிக்கும்போதும், பக்கத்தில் நிற்பவரோடு பேசும்போதும் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தால், மூன்று நிமிட உளூவில் இருபது லிட்டர் போய்விடுகிறது. கோடையில் அது நீர் மட்டும். குளிர்காலத்தில் அது சூடாக்கிய நீர். ஒரே உளூவில் அரை யூனிட்டுக்கு மேல் சாக்கடையில் ஓடுகிறது.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக இப்னு மாஜாவில் வரும் செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்வதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருத்து அந்த ஒரு செய்தியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. கடற்கரையிலேயே இருந்தாலும் நீரை விரயமாக்குவது கூடாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருப்பதாக இமாம் நவவி (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் எழுதுகிறார்கள். கடற்கரையில் கூடாதது மலைமேல் எப்படிக் கூடும்?

இதற்கு நேர் எதிரான இன்னொரு பிழையும் நம்மிடையே உண்டு. குளிர்ந்த நீரில் உளூச் செய்தால்தான் கூடுதல் நன்மை என்று கூறி, வெந்நீர் கேட்கும் முதியவரையும் பிள்ளையையும் ஈமான் குறைந்தவரைப் போல் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வதற்குச் சிறப்பு இருப்பது உண்மைதான். அது, சிரமம் வந்துவிட்டபோது உளூவைக் குறைத்துவிடாதே என்பதற்கான ஊக்கம். வெந்நீர் கையருகே இருக்க, சிரமத்தைத் தேடிப் போ என்ற கட்டளையன்று. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் கடமையான குளிப்பை விட்டுத் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. குளிரை நம் மார்க்கம் அற்பமாக எண்ணவில்லை. எனவே வெந்நீர் குற்றமில்லை. திறந்துவிட்ட வெந்நீர்க் குழாய்தான் குற்றம். இந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாதவர் உளூவின் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

"பணம் நாம் கட்டுகிறோம், யாருக்கு என்ன நட்டம்?"

இரண்டாவது சாக்கு செல்வத்தின் திமிரிலிருந்து வருகிறது. இதற்கு மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது, முழுப் பணத்தையும் நாம் கட்டவில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அந்தச் செலவை அரசு பொதுப்பணத்திலிருந்து ஏற்கிறது. அப்பணத்தில், மின்விளக்கு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத கூலித் தொழிலாளி தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரியும் சேர்ந்திருக்கிறது. பொதுச்சொத்தில் கை வைப்பதைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசும் நாம், அது நம் மீட்டருக்குள் நுழையும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, மின்சாரம் வானிலிருந்து இறங்குவதில்லை. குளிர்கால இரவில் சூரிய மின்சாரம் இல்லை. மே முதல் அக்டோபர் வரையிலான காற்றுக்காலமும் அப்போது முடிந்துவிடுகிறது. நம் பைக்காராவிலும் குந்தாவிலும் கிடைக்கும் நீர்மின்சாரம் போக, மாநிலத்தின் இரவுத் தேவையில் பெரும்பகுதியை நிலக்கரி எரித்தே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சாம்பல் எங்கே போகிறது? எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீனும் இறாலும் அழிந்துவிட்டதாக மீனவ மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றிருக்கிறார்கள். தனக்கும் தீங்கில்லை, பிறர்க்கும் தீங்கிழைத்தல் இல்லை என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நம் தேவைக்காக எரியும் கரிக்கு நியாயம் சொல்லலாம். ஆளில்லாத அறையில் ஓடும் ஹீட்டருக்காக எரியும் கரிக்கு அந்த மீனவரிடம் என்ன நியாயம் சொல்வோம்?

மூன்றாவது, கட்டும் பணமும் நம் இஷ்டத்திற்குரியதன்று. செல்வத்தை எங்கிருந்து ஈட்டினாய் என்பதோடு எதில் செலவழித்தாய் என்றும் மறுமையில் கேட்கப்படும். மின்கட்டணம் ஏறும் விதத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் செலவழித்த வீடு 1,725 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகை விலை போய்விடும். அப்போது தொகை 1,958 ரூபாயானது. அந்த ஒரு யூனிட்டின் விலை அன்று 233 ரூபாய்! விகிதங்கள் அவ்வப்போது மாறும். ஆனால் எல்லை எங்கே இருக்கிறது, நாம் எங்கே நிற்கிறோம் என்று அறியாமல் போகிறவர், விலை கேட்காமல் கடையில் பொருளை அள்ளிப் போடுகிறவருக்குச் சமம். தங்கத்தின் ஜகாத்தைக் குன்றிமணி எடையும் பிசகாமல் கணக்கிட முயலும் நாம், இதில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

2,000 வாட் அறை ஹீட்டரை இரவுக்கு நான்கு மணி நேரம் எரித்தால் எட்டு யூனிட். அறுபது இரவுகளுக்கு 480 யூனிட். ஒரு வீட்டின் எல்லா விளக்குகளும் குளிர்பதனப் பெட்டியும் கிரைண்டரும் சேர்ந்து செலவழிப்பதைவிட இந்த ஒரு பொருள் அதிகம் உண்டுவிடுகிறது. அதை இயக்கியவர் யார், அதன் வெப்பத்தை அனுபவித்தவர் யார் என்ற கேள்வியோடு மூன்றாவது சாக்குக்கு வருவோம்.

"வீட்டில் உள்ளவர்கள்தான் வீணாக்குகிறார்கள்"

"வீட்டில் உள்ளவர்கள்" என்று நம் ஆண்கள் சொல்லும்போது அது பெண்களையும் பிள்ளைகளையும் குறிக்கிறது, தம்மைக் குறிப்பதில்லை. பல குடும்பங்களில் சிக்கனம் எவ்வாறு நடைமுறைக்கு வருகிறது என்பதை நாம் அறிவோம். கட்டணம் கூடியவுடன், சமையலறையில் பாத்திரம் கழுவ வெந்நீர் வேண்டாம் என்ற உத்தரவு பிறக்கிறது. ஐஸ்போல் குளிர்ந்த நீரில் விடியலிலும் இரவிலும் பாத்திரமும் துணியும் கழுவி, விரல்கள் வீங்கிச் சிவந்து வெடித்த கைகளோடு மருமகள் ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். அதே வேளையில் வீட்டுத் தலைவர் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நிற்கிறார்.

இதையும் எண்ணால் அளந்து பார்ப்போம். குழாயில் 12 டிகிரியில் வரும் நீரை உடலுக்கு இதமான 40 டிகிரிக்குச் சூடாக்க, 15 லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ அரை யூனிட் தேவை. பத்து நிமிட ஷவரில் 70 லிட்டர் போனால் இரண்டேகால் யூனிட். அதாவது ஒருவர் ஷவரில் நிற்பதற்குச் செலவாகும் மின்சாரத்தில் நான்கு பேர் வாளியில் குளித்துவிடலாம். பாத்திரம் கழுவுவதற்கோ, வெதுவெதுப்பான நீர் பத்து லிட்டர் இருந்தால் ஒரு வேளைக்குப் போதும். அதற்குக் கால் யூனிட்டிலிருந்து மூன்றில் ஒரு யூனிட் வரையே ஆகும். அந்தச் சிறு வெந்நீரைப் பறித்துத்தான் நாம் சிக்கனம் கொண்டாடுகிறோம்!

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் உள்ளது. தம் பொறுப்பில் இருப்பவர்களை வீணாக விட்டுவிடுவதே ஒரு மனிதன் பாவியாவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதில் வருகிறது. உடலுக்கும் குடும்பத்தாருக்கும் நம் மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) சொன்னதை நபி (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள். கைக்குழந்தை இருக்கும் அறையிலும், மூட்டுவலியோடு முடங்கிய தாயாரின் அறையிலும், சுவாச நோயாளியின் அறையிலும் ஹீட்டரை நிறுத்தி மிச்சம் பிடிப்பவர் சிக்கனக்காரரல்லர், அவர் கஞ்சர். அளவின்றி இறைப்பதையும் கையை இறுக்கிக்கொள்வதையும் ஒருங்கே விலக்கி, இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களைத்தான் அல்குர்ஆனின் 25ஆவது அத்தியாயம் 67ஆவது வசனம் ரஹ்மானின் அடியார்கள் என்று அறிமுகப்படுத்துகிறது. நம் வீடுகளில் பரிதாபம் என்னவெனில், இறைப்பு ஓர் அறையிலும் கஞ்சத்தனம் இன்னோர் அறையிலும் ஒரே நேரத்தில் குடியிருக்கின்றன; இரண்டையும் கூட்டி நடுநிலை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஏழு நாள் கணக்கு

உங்களிடம் கணக்குக் கேட்கப்படும் முன் நீங்களே உங்களைக் கணக்கெடுத்துக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக வரும் அறிவுரையை மின்சாரத்திற்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து குறிப்பதைக்கொண்டு எதையும் அறிய முடியாது. அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு பழைய நோட்டுப் போதும். ஏழு நாட்கள், இஷாவுக்குப் பின்னும் ஃபஜ்ருக்கு எழும்போதும் மீட்டரில் ஓடும் எண்ணைக் குறியுங்கள். இலக்க மீட்டரில் பல எண்கள் மாறி மாறித் தோன்றும். கிலோவாட் மணி என்பதற்குரிய எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு கிலோவாட் மணிதான் ஒரு யூனிட்.

ஏழு நாளும் வழக்கம்போல் வாழாமல், ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒரு நாள் ஷவருக்குப் பதில் வாளி. மறுநாள் ஹீட்டர் உறக்கத்திற்கு முன் அணைப்பு. அதற்கு மறுநாள், அனைவரும் அடுத்தடுத்துக் குளிப்பது. ஏனெனில் ஒருவர் ஆறு மணிக்கும் மற்றவர் எட்டுக்கும் இன்னொருவர் பத்துக்கும் குளித்தால் தொட்டி நீர் நாள் முழுதும் ஆறுவதும் காய்வதுமாக இருக்கும். அதன் வெப்பக் கட்டுப்பாட்டுத் திருகை உச்சியிலிருந்து இறக்கி வையுங்கள். கொதிக்கும் நீரை வரவழைத்துப் பிறகு பச்சைத் தண்ணீர் கலப்பதில் பொருளில்லை. எந்த மாற்றத்தில் எத்தனை யூனிட் குறைகிறது என்று உங்கள் நோட்டே சொல்லும். எதில் குறையவில்லையோ அதற்காக எவரையும் கடிய வேண்டாம். நம் கெய்சர் கதையை மேலே படித்தீர்கள்.

எண்ணைக் குறிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: தந்தையின் அறையில் எரிவதையும் அவர்கள் குறிக்கலாம், வாசித்தும் காட்டலாம்; அதற்காக அவர்கள் மீது கோபம் கொள்ளக் கூடாது.

மின்சாரம் தேவைப்படாத வெப்பத்தை நாம் மறந்துவிட்டோம். கதவின் அடியிலுள்ள இடைவெளியைப் பழைய துணிச்சுருளால் அடைப்பது, சூரியன் இறங்குமுன் சன்னல்களைச் சாத்திக் கனத்த திரையை இழுத்துவிடுவது, கம்பளிக் காலுறை, இரவில் குடும்பம் முழுவதும் ஓர் அறையில் கூடிப் படிப்பது, சுடுநீர்ப் பையைப் போர்வைக்குள் வைப்பது ஆகியவை நம் மூத்தோர் அறிந்தவையே. உறைபனி விழும் இரவுகள் பெரும்பாலும் மேகமற்றவை. அவற்றையடுத்த பகல்களில் வெயில் நன்றாக அடிக்கும். வசதியுள்ளவர்கள் உறைபனியைத் தாங்கும் வகைச் சூரிய வெந்நீர்க் கலன் அமைக்கலாம். வசதியில்லாதவர்கள் கறுப்புப் பாத்திரத்தில் நீரை மூடி வெயிலில் வைத்தால்கூட அஸருக்கு உளூச் செய்யக் குளிர்விட்ட நீர் கிடைக்கும்.

சிக்கனத்தின் பெயரால் செய்யக் கூடாதவை

கட்டணத்தைக் குறைக்கும் எல்லா வழிகளும் ஹலாலானவை அல்ல. மின்கம்பியில் கொக்கி போடுவதும் மீட்டரை ஓடாமல் செய்வதும் திருட்டு. அந்த மின்சாரத்தில் காய்ந்த நீரால் உளூச் செய்து என்ன துஆ கேட்பது? ஒரே சமையலில் உண்ணும் ஒரே குடும்பம், இலவச யூனிட்டை இரண்டு முறை பெறுவதற்காகவே மாடியை வாடகைக்கு விட்டதாகப் பொய்யாக எழுதி இன்னோர் இணைப்பு வாங்குவதும் பொய்ச் சாட்சியத்தில் சேரும். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது ஷரீஅத்தில் ஆதாரமாகாது.

அதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கரிச்சட்டியை மூட்டிக் கதவடைத்த அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். அணையும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிடுகிறார். மலைப்பகுதிகளில் இப்படி உயிர்கள் போன செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்தபோது, நெருப்பு உங்கள் பகை, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். கரிச்சட்டிக்கும் அறை ஹீட்டருக்கும் இந்த ஒரே கட்டளை பொருந்தும். வாளியில் போடும் ஹீட்டர் ராடை, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே தொட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு சொல்

வீடுகளுக்குச் சொன்னதைப் பள்ளிவாசல்களுக்குச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஐந்து வேளைக்குமாகப் பெரிய தொட்டியை நாள் முழுதும் சூடாகவே வைத்திருக்கும் பள்ளிகளும், கைகழுவத் திறந்தாலே வாளி நிறையும் குழாய்களும் நம் மஹல்லாக்களில் உள்ளன. அது ஜமாஅத்தாரின் சந்தாவும் வக்ஃபு வருமானமும் ஆகும். அதில் விரயம் செய்ய எந்த முத்தவல்லிக்கும் அதிகாரமில்லை. நம் மதரஸாவிலும் இக்குறை இருந்தது. ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் முன் மட்டும் சூடாக்குவது, குழாய்களுக்குப் பதில் வெந்நீரைக் குவளையில் முகந்து உளூச் செய்வது என்று மாற்றினோம். மாணவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது எந்தக் குவளை ஒரு முத்துக்கு நெருக்கமானது என்று அவர்களுக்குள் போட்டி நடக்கிறது. ஃபிக்ஹு நூலின் முதல் பாடத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி வரும் ஆண்டுகளில் இக்கணக்கு இன்னும் முக்கியமாகும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடக் குறுகியது என்பதால் ரமளான் குளிர்காலத்திற்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. 2028இல் ஜனவரி இறுதியிலும், 2029இல் ஜனவரி நடுவிலும் அது தொடங்கும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக ஒரே ஆண்டில் இரு ரமளான்கள் தொடங்கவிருக்கின்றன. பிறையால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஸஹருக்கு எழும் வீடு நள்ளிரவு கடந்தவுடன் அடுப்பையும் விளக்கையும் வெந்நீரையும் ஒருங்கே இயக்கும். உறைபனியில் முதலில் எழுபவள் யார், அவளுக்கு வெந்நீர் கிடைக்கிறதா, அவளுக்குக் கைகொடுப்பவர் உண்டா என்பதை இப்போதே வீட்டில் பேசி வைப்பது நல்லது.

பசியோடு வெளியே வந்த நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர், உமர் (ரலி) ஆகியோரும் ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் நிழலும் பேரீச்சம்பழமும் குளிர்ந்த நீரும் பெற்றபோது, இந்த அருட்கொடைகளைப் பற்றியும் மறுமையில் விசாரிக்கப்படுவீர்கள் என்று நபியவர்கள் நினைவூட்டினார்கள். வெப்பநாட்டில் குளிர்ந்த நீருக்கு விசாரணை இருக்கிறதென்றால், உறைபனி மலையில் வெந்நீருக்கு இல்லாமல் போகுமா? இன்றிரவு இஷா தொழுதுவிட்டு மீட்டரின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்தவர் அறைக்குச் செல்லாமல் முதலில் உங்கள் அறைக்குச் செல்லுங்கள்.

வீண்விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் நம் அனைவரையும் அல்லாஹ் காப்பாற்றுவானாக. நம் பொறுப்பிலுள்ளவர்களின் குளிரை நாம் முதலில் உணரும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.